வேகமாகச் சாப்பிடுகிறவர்

கடல்குதிரைக்கு வயிறு கிடையாது. இதை முதலிலேயே சொல்லிவிட்டால் மற்றதெல்லாம் உங்களுக்குச் சுலபமாகப் புரியும் என்று நினைக்கிறேன். பல்லும் கிடையாது. தின்றது உள்ளே தங்காது, அதனால் பகல் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுகொண்டே இருக்க வேண்டும். ஆனால் ஓடிப் பிடிக்கத் தெரியாது. ஒரு செடியையோ குச்சியையோ வாலால் சுற்றிப் பிடித்துக்கொண்டு, வருவது பக்கத்தில் வரட்டும் என்று காத்திருக்கும். வந்தாலும் உடனே வாயில் போடாது. ஒரு கண்ணால் பார்க்கும், மறு கண்ணால் பார்க்கும், யோசிக்கும். அதற்குள் வேறு யாராவது தின்றுவிட்டுப் போனால் சண்டைக்கும் போகாது. பட்டினி கிடந்து செத்துப்போகும்.

நான் பல்லைப் பற்றிப் பேசுவதில் ஆச்சரியமில்லை, ஐயா. பல் செட் செய்யும் பட்டறையில் வேலை பார்க்கிறேன். டாக்டர்கள் எடுத்து அனுப்பும் வாய் அச்சில் பிளாஸ்டர் ஊற்றி, மெழுகில் பல் அடுக்கி, ஒவ்வொருவர் கடிக்கும் வாகுக்கும் தேய்த்துக் கொடுப்பேன். இந்த ஊரில் பல பேர் என் பல்லால்தான் சிரிக்கிறார்கள். ஒருவர் எப்படிச் சாப்பிடுகிறவர், எந்தப் பக்கம் மெல்லுகிறவர், அவசரக்காரரா நிதானமானவரா என்பதை அச்சைப் பார்த்தே சொல்லிவிடுவேன். முகத்தைப் பார்த்து அவ்வளவு தெரியாது.

டீ ஆறிவிடும் என்று கவலைப்பட வேண்டாம், எனக்கு ஆறின டீதான் பிடிக்கும். எழுதுகிறவரை மட்டும் கொஞ்சம் சீக்கிரம் எழுதச் சொல்லுங்கள். நீங்கள் என்னைப் பார்க்கிற பார்வை தெரிகிறது. தங்கை மாப்பிள்ளை போன துக்கத்தில் இந்த அம்மாவுக்குப் புத்தி பிசகிவிட்டது என்று நினைக்கிறீர்கள். நீங்களே வீட்டுக்கு வந்து பார்த்து, மின்சார விபத்து என்று எழுதி முடித்த விஷயம். அதில் ஒரு திருத்தம் இருக்கிறது, அதைச் சொல்லத்தான் வந்தேன். என் தங்கை ஆஸ்பத்திரியில் வாயைத் திறக்க மாட்டேன் என்கிறாள். மூக்கு வழியாகக் குழாய் போட்டார்கள், பிடுங்கிப் போட்டுவிட்டாள். இப்படியே போனால் உடம்பு தாங்காது என்று இன்று காலையில் டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். அவர் சொன்ன தொனி எனக்குப் பிடிக்கவில்லை. நேராக இங்கே ஸ்டேஷனுக்கு வந்துவிட்டேன்.

தங்கையை நாங்கள் சின்னு என்று கூப்பிடுவோம். நாங்கள் என்ன, நான்தான். அம்மா போனபோது அவள் இன்னும் தவழ்ந்துகொண்டிருந்தாள். அப்பா அதற்கு முன்பே வேறு குடும்பம் பார்த்துப் போய்விட்டார். அவளுக்கு ஊட்டிவிட்டது நான். வாயில் வைத்தால் கன்னத்தில் அடக்கிக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருப்பாள். மெல்லு, மெல்லு என்று கெஞ்ச வேண்டும். அதட்டினால் துப்பிவிடுவாள். ஒரு வேளைச் சாப்பாடு முடிவதற்குள் தட்டு காய்ந்துவிடும். நான் ஒரு நாளும் அலுத்துக்கொண்டதில்லை. வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி வளர்த்தேன் என்று ஊரில் சொல்வார்கள். அப்படியெல்லாம் பெரிதாக ஒன்றுமில்லை. எனக்கு அது பிடித்திருந்தது. அவள் விழுங்கிவிட்டு நிமிர்ந்து பார்ப்பாளே, அந்தப் பார்வைக்காக நான் காத்துக்கொண்டிருப்பேன்.

எனக்குக் கல்யாணம் ஏன் ஆகவில்லை என்று நீங்கள் கேட்கப் போவதில்லை, ஆனாலும் எல்லோரும் மனதுக்குள் கேட்பார்கள். நேரம் இல்லை, அவ்வளவுதான்.

சின்னு படித்து முடித்து ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலைக்குச் சேர்ந்தாள். முதல் சம்பளம் வந்ததும் அவள் கேட்டது கடல்குதிரை. வீட்டில் கூடத்துக்கும் என் அறைக்கும் நடுச்சுவரில் ஒரு ஜன்னல் வீணாகக் கிடந்தது. அதை இடித்துப் பெரிதாக்கி, உப்புத் தண்ணீர்த் தொட்டியை அதில் உட்கார வைத்தோம். இந்தப் பக்கம் கூடத்திலிருந்தும் பார்க்கலாம், அந்தப் பக்கம் என் கட்டிலில் படுத்தபடியும் பார்க்கலாம். ஒரு ஜோடி வாங்கினோம். காலையில் விளக்கைப் போட்டதும் இரண்டும் நிறம் மாறி, பக்கத்தில் வந்து, வாலோடு வால் கோத்துக்கொண்டு மெதுவாகச் சுற்றி வரும். தினமும் புதிதாகப் பார்ப்பது மாதிரி. நானும் சின்னுவும் அதைப் பார்த்துவிட்டுத்தான் வேலைக்குக் கிளம்புவோம்.

தொட்டி பெரிதாக இருக்கிறதே, இன்னும் சில மீன் விடலாமே என்று தோன்றியது. இரண்டு மஞ்சள் மீன் வாங்கி விட்டேன். அழகான மீன்கள், துறுதுறுவென்று இருந்தன. நான் ஊறவைத்த குட்டி இறாலைப் போடும்போதெல்லாம் வந்து அள்ளிக்கொண்டு போயின. சாப்பாடு மழையாகப் பெய்கிறது, கடல்குதிரை இரண்டும் குச்சியைப் பிடித்துக்கொண்டு யோசித்துக்கொண்டிருக்கின்றன. கொஞ்ச நாளில் அவற்றின் வயிற்றுப் பக்கம் உள்ளே ஒட்டிவிட்டது. மீன் கடைக்காரரிடம் ஓடினேன்.

“இதுகூட எதை வேணாலும் போட முடியாதும்மா,” என்றார் அவர். “இது திங்கவே யோசிக்கிற ரகம். வேகமா நீந்துறது, கொத்துறது, கொட்டுறது, ஒண்ணும் ஆகாது. உங்க மஞ்ச மீன் கெட்டது கிடையாது. ஆனா அது இருக்கிற வரைக்கும் இது பொழைக்காது.”

அடியில் கிடக்கும் உளுவை மீன் குட்டி விடலாம், ஊசி மாதிரி மெலிந்த குழாய் மீன் விடலாம், கண்ணாடியைத் துடைக்க நத்தை விடலாம் என்றார். மெதுவானவர்களாகப் பார்த்து விட வேண்டும். மஞ்சள் மீன்களைக் கொண்டுவந்து கொடுத்தால் தானே வாங்கிக்கொள்வதாகவும் சொன்னார். கடை தூரம். நான் வீட்டுக்கு வந்ததும் அவற்றை ஒரு குவளையில் பிடித்துக் கழிப்பறையில் ஊற்றிவிட்டேன். சின்னு ரொம்ப அழுதாள். “வேற தொட்டி வச்சிருக்கலாமேக்கா,” என்றாள். வைத்திருக்கலாம்தான். எனக்கு அவற்றின் மேல் கோபம் எதுவும் இல்லை. மறுநாளே கடல்குதிரை இரண்டும் சாப்பிட்டன, அதுதான் முக்கியம்.

அந்தச் சமயத்தில்தான் தொட்டிக்கென்று ஒரு வழக்கமும் வைத்தேன். உப்புத் தண்ணீர், ஹீட்டர், பம்ப், எல்லாம் ஒரே இடத்தில். விளையாட்டு இல்லை. தொட்டியில் கைவிடுவதானால் ஒருவர் கீழே உட்கார்ந்து எக்ஸ்டென்ஷன் பெட்டியின் சுவிட்சை அணைக்க வேண்டும். அணைத்த விரலை அதிலிருந்து எடுக்கக் கூடாது. மேலே நிற்பவர் “ஆச்சா?” என்று கேட்க வேண்டும். கீழே இருப்பவர் “ஆச்சு” என்று வாய் திறந்து சொல்ல வேண்டும். தலையாட்டினால் போதாது. அந்தச் சொல் வராமல் எங்கள் வீட்டில் யாரும் தண்ணீரில் விரல் நனைத்ததில்லை. சின்னுவுக்கு அந்தச் சொல்லைச் சொல்வதில் ஒரு பெருமை. ஏதோ ரயிலுக்குக் கொடி காட்டுகிற மாதிரி சொல்வாள்.

அவளுக்கு ஒரு சிநேகிதி இருந்தாள், அதே கடையில் வேலை. வீட்டுக்கு வந்தால் வாய் ஓயாது. சின்னு ஒரு வாக்கியத்தை ஆரம்பிப்பதற்குள் அவள் முடித்துவிடுவாள். ஒரு நாள் வாசல்வரை கொண்டுவிடப் போனபோது, சின்னுவுக்கு நீ வருவது தொந்தரவாக இருக்கிறதாம், சொல்லக் கூச்சப்படுகிறாள் என்றேன். அந்தப் பெண் அப்புறம் வரவில்லை. சின்னு கொஞ்ச நாள் வாடினாள், பிறகு சரியாகிவிட்டாள். இதை ஏன் சொல்கிறேன் என்றால், நான் எப்போதும் யோசித்துத்தான் செய்கிறவள். ஆத்திரத்தில் செய்யும் பழக்கம் எனக்கு இல்லை.

மாப்பிள்ளை பள்ளிக்கூடத்தில் விளையாட்டு வாத்தியார். கண்ணாடி மாற்ற வந்த இடத்தில் சின்னுவைப் பார்த்தவர். நல்ல மனிதர், ஐயா. அதை நீங்கள் கட்டாயம் எழுத வேண்டும். குடி கிடையாது, கோபம் கிடையாது, என்னை ஒரு நாளும் மரியாதை குறைத்துப் பேசியது கிடையாது. கல்யாணமான பிறகு, நான் தனியாக இருப்பேனே என்று, அவரே தன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு எங்கள் வீட்டுக்குக் குடிவந்தார். எந்த ஆண் அப்படி வருவார்?

ஆனால் வேகமாகச் சாப்பிடுவார்.

இடைவேளைக்குள் தின்று முடித்து மைதானத்துக்கு ஓடுகிற பழக்கம். தட்டில் விழுந்தது தெரியாது, காலியாகியிருக்கும். நிமிர்ந்து எங்களைப் பார்த்து, “என்னக்கா, நீங்க ரெண்டு பேரும் இன்னும் மொத வாயிலேயே இருக்கீங்க?” என்பார். பேச்சும் அப்படித்தான், நடையும் அப்படித்தான். காலில் சக்கரம் கட்டியிருப்பது மாதிரி வீட்டுக்குள் சுற்றுவார். ஆண் கடல்குதிரைதான் குட்டிகளை வயிற்றுப் பையில் சுமக்கும் என்று தெரிந்ததும் அவருக்குச் சந்தோஷம் தாளவில்லை. அதன் வயிறு உப்பியிருப்பதைக் கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு பார்ப்பார். “நிறைமாசக்காரரே, புளிப்பா ஏதாவது வேணுமா?” என்று அதனிடம் விசாரிப்பார். சின்னு விழுந்து விழுந்து சிரிப்பாள். “எனக்கும் இப்படி ஒரு பை இருந்தா உன்னைக் கஷ்டப்படுத்த மாட்டேன்டி,” என்பார். எனக்கும் சிரிப்பு வந்திருக்கிறது. பொய் சொல்ல மாட்டேன்.

அப்புறம் சின்னுவும் வேகமாகச் சாப்பிட ஆரம்பித்தாள். அவரோடு சேர்ந்து உட்கார்ந்து, பேசிக்கொண்டே, சிரித்துக்கொண்டே, என் தட்டில் பாதிகூட முடியாத நேரத்தில் எழுந்து கை கழுவப் போனாள். நான் தனியாக உட்கார்ந்து மென்றுகொண்டிருந்தேன். அவள் கன்னம் உப்பி வந்தது. சந்தோஷம் உடம்பில் தெரிகிறது என்று பார்த்தவர்கள் எல்லாம் சொன்னார்கள். கவலையில்கூட உடம்பு ஊதும், அது யாருக்கும் தெரிவதில்லை. அவள் தாங்க முடியாமல்தான் அப்படி விழுங்குகிறாள் என்று எனக்கு மட்டும் தெரிந்தது. வளர்த்தவளுக்குத் தெரியாதா?

காலையில் தொட்டி விளக்கைப் போடுவதும் அவர்கள் இரண்டு பேர் என்றாகிவிட்டது. நான் என் அறைப் பக்கமிருந்து பார்ப்பேன். தண்ணீருக்கு அந்தப் பக்கம் அவர்கள் முகம் இரண்டும் ஒட்டிக்கொண்டு தெரியும். நான் இந்தப் பக்கம் இருப்பது அவர்களுக்குத் தெரியாது, என் பக்கம் இருட்டு.

பிறகு அவருக்கு மாற்றல் வந்தது. வேறு ஊர், பெரிய பள்ளிக்கூடம், தங்க வீடும் உண்டு. சின்னு கர்ப்பமாக இருந்தாள், அதையும் அன்றைக்கேதான் சொன்னார்கள். இரண்டு செய்தியையும் ஒரே மூச்சில் அவரே சொல்லி முடித்துவிட்டார். சின்னு அவர் தோளுக்குப் பின்னால் நின்று என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“நீங்களும் வாங்கக்கா,” என்றார். “உங்களுக்கு ஒரு ரூம் இருக்கு. ஜன்னல்லேருந்து மைதானம் பூராத் தெரியும். அங்கேயும் பல் டாக்டருங்க இருப்பாங்கல்ல, மனுசனுக்குப் பல்லு விழாத ஊரு இருக்கா?”

“வாக்கா,” என்றாள் சின்னு. “நீ இல்லாம நான் எப்படி?”

நல்ல மனதோடுதான் கூப்பிட்டார்கள். தொட்டியில் நத்தைக்கும் இடம் உண்டு. ஓரமாக ஊர்ந்து கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருக்கலாம். யாருக்கும் தொந்தரவு இல்லை. பார்க்கலாம், முதலில் நீங்கள் போய்ச் சேருங்கள் என்றேன்.

அன்றிலிருந்து எனக்குப் பயம். வேறு வார்த்தை இல்லை, பயம்தான். பட்டறையில் கவனம் நிற்கவில்லை. ஒரு பெரியவரின் கீழ்த்தாடைப் பல் வரிசையை மூன்று முறை தப்பாக அடுக்கினேன். என் வேலையில் அப்படி நடந்ததே இல்லை. அந்த வீட்டில் ஒரே ஒரு தட்டு வைத்துச் சாப்பிடுவதை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. யாரிடம் சொல்வது? இருக்கிற ஒருத்தியிடம் சொன்னால் அவள் அழுவாள், அவர் சமாதானம் சொல்வார், சாயங்காலத்துக்குள் எல்லாம் சரியாகிவிடும், பெட்டி கட்டுவார்கள். சின்னு அங்கே அவர் வேகத்துக்கு விழுங்கி விழுங்கி என்ன ஆவாள்? பக்கத்தில் இருந்து மெல்லு என்று சொல்ல ஆள் வேண்டாமா? ஒருவர் இருக்கிறவரைக்கும் மற்றவர் பிழைக்க முடியாது என்றால், கெட்டவரா நல்லவரா என்று பார்த்துக்கொண்டிருக்க முடியாது. அப்படித்தான் யோசித்தேன். யோசித்து முடித்த அன்றே அந்தப் பெரியவரின் பல் வரிசை சரியாக அமைந்துவிட்டது.

பழைய ஹீட்டர் ஒன்று என்னிடம் இருந்தது. கண்ணாடிக் குழாயில் மயிரிழை மாதிரி விரிசல். ஆளைக் கொல்லும், தூக்கிப் போட்டுவிடுங்கள் என்று மீன் கடைக்காரர் போன வருடமே சொல்லியிருந்தார். தூக்கிப் போடாமல் என் அலமாரியில் வைத்திருந்தேன். அப்போது எந்த எண்ணமும் இல்லை. நான் எதையும் சீக்கிரம் தூக்கிப் போடமாட்டேன்.

கடல்குதிரைக்கு இன்னொரு குணம் உண்டு. சூடான ஹீட்டரைக்கூடக் குச்சி என்று நினைத்து வாலால் பிடித்துக்கொள்ளும். வால் வெந்தாலும் விடாது. அதனால் ஹீட்டரைச் சுற்றி ஒரு வலைக் கூடு போட்டிருப்போம். அந்த விரிசல் ஹீட்டரைத் தொட்டியில் மாற்றி வைக்கும்போது கூட்டின் கொக்கி உடைந்துவிட்டது. கூடு இல்லாமலே வைக்க வேண்டியதாயிற்று. அவற்றின் வால் பட்டுவிடுமோ என்று அன்று காலை முழுக்க எனக்கு ஒரே கவலை. உடைந்த கூடு நான் வேலை செய்யும் பட்டறையில், பிளாஸ்டர் அச்சுகள் வைத்திருக்கும் கீழ் இழுப்பறையில் இருக்கிறது. ஆள் அனுப்பினால் எடுத்துவிடலாம். நான் உளறவில்லை என்பதற்கு அதுவே போதும் என்று நினைக்கிறேன்.

அவர்கள் கிளம்புகிற நாள். சாமான் எல்லாம் வண்டியில் போய்விட்டது. கடல்குதிரை ஜோடியை மட்டும் மூடி போட்ட வாளியில் கையோடு கொண்டுபோவதாக ஏற்பாடு. நான்தான் எடுத்துக்கொண்டு போங்கள் என்றேன். சின்னு என்னைக் கட்டிக்கொண்டாள். ஜோடி எப்போதும் தொட்டியின் பின்மூலையில், அடியில் இருக்கும். எனக்கும் சின்னுவுக்கும் அவ்வளவு தூரம் கை எட்டாது. அவருக்குத்தான் நீளமான கை.

எல்லா ஒயரும் அந்த எக்ஸ்டென்ஷன் பெட்டிக்குத்தான் போகும், ஹீட்டர் ஒயர் ஒன்றைத் தவிர. அதை நான் காலையிலேயே எடுத்து, தொட்டிக்குப் பின்னால் என் அறைப் பக்கமாக விட்டு, அலமாரிக்குப் பின்னால் இருக்கும் பிளக்கில் சொருகியிருந்தேன். அலமாரியை நகர்த்திப் பாருங்கள், சுண்ணாம்பில் ஒயர் உரசின கோடு தெரியும்.

நான் என் அறையில் கட்டிலில் உட்கார்ந்திருந்தேன். அவர் ஸ்டூல் எதுவும் போடாமல் வெறுங்காலோடு நின்று சட்டைக் கையை மடித்துக்கொண்டிருந்தது தண்ணீர் வழியாகத் தெரிந்தது. தரையில் சிந்தின தண்ணீர் கிடந்தது. சின்னு கீழே குனிந்தாள்.

“ஆச்சா?” என்று கேட்டார்.

“ஆச்சு,” என்றாள் சின்னு. வழக்கம்போலவே, கொடி காட்டுகிற குரலில்.

ஒரு நொடிகூட யோசிக்கவில்லை அவர். அவள் சொன்னால் போதும் அவருக்கு. இரண்டு கையையும் விட்டார்.

அதன் பிறகு நடந்ததை விவரமாகச் சொல்ல வேண்டாம் என்று நினைக்கிறேன். சத்தம்கூடப் பெரிதாக இல்லை. நான் கூடத்துக்கு ஓடியபோது சின்னு அவரைத் தொடப் பாய்ந்துகொண்டிருந்தாள். நான் பின்னாலிருந்து அவள் இடுப்பைக் கட்டிப் பிடித்துக்கொண்டேன். என்னை உதைத்தாள், கடித்தாள், இதோ இந்தத் தழும்பு அதுதான். “நிறுத்தித்தான்க்கா இருக்கு! நிறுத்தித்தான் இருக்கு!” என்று கத்திக்கொண்டே இருந்தாள். நான் விடவில்லை. அவராகவே கீழே விழுகிறவரைக்கும் விடவில்லை. நான் பிடித்திருக்காவிட்டால் அவளும் போயிருப்பாள் என்று மாடி வீட்டுக்காரர் உங்களிடம் சொன்னாரே, அது சரிதான். வயிற்றுப் பிள்ளையையும் சேர்த்து இரண்டு உயிரைக் காப்பாற்றிய அக்கா என்று இன்றைக்கும் தெருவில் சொல்கிறார்கள்.

போய் யாரையாவது கூட்டி வா என்று அவளை வாசலுக்கு அனுப்பினேன். என் அறைக்குப் போய் பிளக்கைப் பிடுங்கி, ஒயரை இந்தப் பக்கம் இழுத்து, எக்ஸ்டென்ஷன் பெட்டியில் சொருகினேன். பிறகு அந்தப் பெட்டியின் சுவிட்சைப் போட்டேன். நீங்கள் வந்தபோது அதன் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அதை நீங்களே அவளிடம் காட்டினீர்கள். அவள் அந்த விளக்கையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

அந்த இடத்தில்தான் நான் ஒரு பிழை செய்துவிட்டேன். வேலை சுத்தமாக இருக்க வேண்டும் என்பது மட்டும்தான் என் நினைப்பு. சுவிட்சைப் போட்டால் யாரோ அணைக்க மறந்துவிட்டார்கள் என்றுதானே ஆகும். அந்த யாரோ யார் என்று நான் யோசிக்கவே இல்லை. யோசித்துச் செய்கிறவள் என்று இவ்வளவு நேரம் சொன்னேன், பாருங்கள்.

முதல் வாரம் அவள் அழுதாள். அது சரி, அழத்தான் வேண்டும். அப்புறம் அழுகை நின்றுவிட்டது. எக்ஸ்டென்ஷன் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருப்பாள். சுவிட்சைப் போடுவாள், அணைப்பாள். போடுவாள், அணைப்பாள். என்னை நிமிர்ந்து பார்த்து, “நான் நிறுத்தினேன்லக்கா?” என்பாள்.

“நிறுத்தியிருப்பேடா,” என்பேன் நான்.

ஆறுதலாகத்தான் சொன்னேன். தலையைத் தடவிக்கொண்டேதான் சொன்னேன். நிறுத்தினாய் என்று சொல்லியிருக்கலாம். அப்படிச் சொன்னால் பின்னே எப்படி நடந்தது என்று அடுத்த கேள்வி வரும். ஒவ்வொரு முறை நான் அதைச் சொன்னதும் அவள் கொஞ்சம் சுருங்கிக்கொண்டு வந்தாள். அது என் கண்ணில் பட்டது. துக்கம் என்று நினைத்துக்கொண்டேன். துக்கம் ஆறும், நான் பக்கத்திலேயே இருக்கிறேன், முன்பு மாதிரி ஆகிவிடும் என்று நினைத்தேன். முன்பு மாதிரிதான் ஆயிற்று. வாயில் வைத்ததைக் கன்னத்தில் அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நான் கரண்டியோடு முன்னால் உட்கார்ந்து மெல்லு, மெல்லு என்று கெஞ்சினேன். நிஜத்தைச் சொல்லிவிடுகிறேன், ஐயா. அந்த முதல் சில நாட்கள் எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

பிறகு கரண்டியையே வாங்க மறுத்துவிட்டாள். பால், பழச்சாறு எதுவும் இறங்கவில்லை. வயிற்றில் இருந்ததும் கலைந்துவிட்டது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். நேற்று நான் கொஞ்சம் அதட்டினேன். அவருக்காகவாவது சாப்பிடு என்றேன். வெகு நாளைக்குப் பிறகு அப்போதுதான் வாய் திறந்தாள்.

“நான் ஆச்சுன்னு சொன்னேன்க்கா. என்னை நம்பித்தானே கையை விட்டாரு.”

அவ்வளவுதான் சொன்னாள். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அவள் முதுகெலும்பு ஒவ்வொன்றாகத் தெரிந்தது. பட்டினி கிடந்த கடல்குதிரைக்கு அப்படித்தான் தெரியும். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. இத்தனையும் யாருக்காகச் செய்தேன்? அவள் சாப்பிட வேண்டும் என்றுதானே செய்தேன்?

அதனால் நீங்கள் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். இதை எழுதி, நான் கையெழுத்துப் போட்டு, முத்திரை வைத்து, அதெல்லாம் அப்புறம் செய்துகொள்ளலாம். நான் எங்கே ஓடிவிடப் போகிறேன்? நான் சொன்னால் அவள் நம்பமாட்டாள். அக்கா என்னைச் சாப்பிட வைக்கப் பொய் சொல்கிறாள், பழியைத் தன்மேல் போட்டுக்கொள்கிறாள் என்பாள். என்னைப் பற்றி அவளுக்கு அவ்வளவு நல்ல எண்ணம். நீங்கள் சீருடையோடு போய்ச் சொல்ல வேண்டும். நீ அணைத்தது உண்மை, நீ சொன்ன சொல் உண்மை என்று சொல்ல வேண்டும். அலமாரிக்குப் பின்னால் இருக்கும் பிளக்கைப் பற்றிச் சொல்லுங்கள். கூட்டைக் காட்டுங்கள். மெதுவாகச் சொல்லுங்கள், ஐயா. அவளுக்கு எதையும் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கொடுக்க வேண்டும். சொல்லி முடித்ததும் ஒரு வாய் கொடுத்துப் பாருங்கள். விழுங்குகிறவரைக்கும் நர்ஸைப் பக்கத்தில் நிற்கச் சொல்லுங்கள்.

கடல்குதிரைகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. இரண்டும் நன்றாக இருக்கின்றன, இன்று காலையிலும் வால் கோத்துச் சுற்றின. மீன் கடைக்காரரிடம் சொன்னால் வந்து சாப்பாடு போடுவார். தொட்டியில் கைவிடும்போது ஒருவர் கீழே உட்கார வேண்டும் என்று மட்டும் அவருக்கு ஞாபகப்படுத்துங்கள்.

எனக்கு என்ன தண்டனை என்பதைப் பற்றி நான் யோசிக்கவில்லை. ஜெயிலில் பார்க்க வருகிறவர்களை எந்தக் கிழமை விடுவார்கள் என்று மட்டும் சொல்லுங்கள், அவளிடமும் சொல்லிவிடுங்கள். கோபப்படுவாள். முகத்தைத் திருப்பிக்கொள்வாள், சின்ன வயதில் அதட்டினால் துப்புவாளே, அந்த மாதிரி கொஞ்ச நாள் இருப்பாள். நான் காத்துக்கொண்டிருப்பேன், எனக்கு அது பழக்கம்தான். வராமல் எங்கே போவாள்? அவளுக்கு இனி என்னை விட்டால் வேறு யார் இருக்கிறார்கள்?